ஒற்றைக் கோட்டுச் சுழி

உ
ஜூன் 10, செவ்வாய்

தண்ணீர் 1050. எடை 60.5.

டாக்டர் நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரை மில்லியில் எழுத வேண்டும், எடையை எழுத வேண்டும். ஒரு லிட்டருக்கு மேல் போனால் திட்டு விழும். திட்டு எனக்குத்தான், குடித்தவருக்கு இல்லை. உள்ளே போகும்போது நர்ஸ் நோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறாள். அப்புறம் நாலு மணி நேரம் இந்த டயாலிசிஸ் கூடத்தில் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே டிவி ஓடும், சத்தம் வராது. அதனால் மிச்சப் பக்கத்தில் என் பாட்டையும் எழுதிக்கொள்கிறேன். பேனா இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, பேச ஆள்தான் இல்லை.

செவ்வாய், வியாழன், சனி இங்கே. மற்ற நாள் வீடு. எல்லா நாளும் சாயங்காலம் பள்ளிக்கூடம்.

பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் கிடையாது. பதினெட்டு வருஷம் கரூரில் நிஜப் பள்ளிக்கூடத்தில் நின்று கணக்கு எழுதினேன். இவருக்குச் சிறுநீரகம் போன பிறகு வெளியே போய் வேலை பார்க்க முடியவில்லை. இப்போது இரண்டு வருஷமாகச் சமையலறைக்குப் பக்கத்து அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றால் அதுதான் பள்ளிக்கூடம். உள்ளே வகுப்பறை உண்டு, பெற்றோர் மண்டபம் உண்டு, ஆசிரியர் அறை உண்டு, ஜன்னலுக்கு வெளியே ஒருநாளும் காயாத மாமரம் உண்டு. எல்லோருக்கும் பொம்மை உடம்பு. இடுப்புக்குக் கீழே யாருக்கும் ஒன்றும் கிடையாது. அந்தரத்தில் மிதந்துகொண்டே பின்னக் கணக்கு நடத்துகிறேன்.

ஆசிரியர் அறையில் ஒரு பொதுப் பலகை தொங்குகிறது. நாங்கள் நாலு பேர் அதில் எழுதலாம், அழிக்கலாம். ராத்திரியில் பெரும்பாலும் நிறுவனமே துடைத்து வைத்துவிடும். எழுதியவர் பெயர் தெரியாது. மனம் விட்டு எழுதட்டும் என்று நிறுவனம் அப்படி வைத்திருக்கிறதாம். கையில் பிடிக்கும் குச்சியால் காற்றில் எழுதுவதால் எல்லோர் கையெழுத்தும் கோழி கிளறியது மாதிரிதான் இருக்கும். ஆனால் யார் முதலில் வந்தார் என்பது பலகையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏகாம்பரம் சார் வந்தால் தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கும். ரஹ்மத்துல்லா சார் வந்தால் 786. பெனிட்டா வந்தால் சின்னதாக ஒரு சிலுவை. சில நாள் மூன்றும் வரிசையாக இருக்கும். யாரும் யாருடையதையும் அழிப்பதில்லை, மற்றதையெல்லாம் அழித்தாலும். நான் ஒன்றும் போடுவதில்லை. பெரும்பாலும் ஏகாம்பரம் சாருக்கு அடுத்துத்தான் நுழைகிறேன், எனக்கும் சேர்த்து அவர் போட்டுவிட்ட மாதிரி ஒரு எண்ணம்.

அவர் சுழிக்கு அடியில் இரண்டு கோடு. இந்த நோட்டில் நான் போடுவதற்கு ஒரு கோடு. வீட்டுக்கு வீடு பழக்கம்.

அவர் திண்டிவனத்துக்காரர், தமிழ் ஆசிரியர், வயது ஐம்பத்தெட்டு இருக்கும். நேரில் பார்த்ததில்லை. டயாலிசிஸ் நீண்டுபோகும் நாட்களில் என் நாலரை மணி வகுப்பை அவர் எடுத்துக்கொண்டு, தன் ஆறு மணியை எனக்குக் கொடுக்கிறார். பலகையில் "ஜெ. 4.30 - 6" என்று எழுதினால் போதும், பக்கத்தில் "சரி" என்று இருக்கும். ஏன் எதற்கு என்று இதுவரை கேட்டதில்லை.

இந்த வேலையோடு வரும் இன்சூரன்ஸ் அட்டையில் இவர் பெயரும் இருக்கிறது. அதைக் காட்டித்தான் உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறார். வேலை போனால் அட்டையும் போய்விடும். ஒரு தடவை எழுதியாயிற்று, இனி எழுத மாட்டேன்.

உ
ஜூன் 12, வியாழன்

தண்ணீர் 1200. எடை 61.

திட்டு வாங்கினேன். இவர் மோர் குடித்ததைத் தண்ணீரில் சேர்க்கவில்லையாம். "மோருன்னா சாப்பாடு தானுங்க" என்று நர்ஸிடம் வாதாடுகிறார்.

உ
ஜூன் 16, திங்கள்

தண்ணீர் 950.

உருளைக்கிழங்கை நறுக்கி இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, தண்ணீரைக் கொட்டி, வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டி, பிறகு பொரியல். இதில் கிழங்கு எங்கே இருக்கிறது என்று இவர் கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

இன்று ஏழாம் வகுப்பில் தன்யஸ்ரீ வாந்தி எடுத்துவிட்டாள். பொம்மை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, சிரித்துக்கொண்டே நிற்கிறது. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் பொம்மை அப்படியே உறைந்துபோய் நின்றது. இரண்டு மணி நேரம் விடாமல் ஹெட்செட் மாட்டினால் எனக்கே தலை சுற்றுகிறது. அது பன்னிரண்டு வயசுப் பிள்ளை.

நிவேதன் சாரிடம் சொன்னேன். எங்களுக்கு மேலாளர் அவர், சென்னையில் இருக்கிறார், என்னைவிடப் பதினைந்து வயசாவது சின்னவர். பெற்றோர் கேட்டால் நெட் கோளாறு, பிள்ளை வெளியே போய்விட்டாள் என்று மட்டும் சொல்லச் சொன்னார். மயக்கம், வாந்தி என்ற வார்த்தைகளே வரக்கூடாதாம். ஏகாம்பரம் சார் போன வாரமே இதற்காக அவரிடம் சண்டை போட்டாராம், பெனிட்டா சொன்னாள்.

உ
ஜூன் 19, வியாழன்

தண்ணீர் 1000 (என் கண்ணுக்குத் தெரிந்து). எடை 60.5.

இந்த வாரத்தில் வாந்தி எடுத்த மூன்றாவது பிள்ளை இன்று. தன்யஸ்ரீயின் அம்மா போன் செய்தார், கூடத்திலேயே எடுத்தேன். பிள்ளை சாயங்காலமானால் சோறு வேண்டாம் என்கிறாளாம், படிப்புக்குப் பயந்து நடிக்கிறாள் என்று இரண்டு அடியும் போட்டிருக்கிறார். வகுப்பில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். நெட் கோளாறு என்றேன்.

போனை வைத்த பிறகு அந்த இரண்டு அடி எனக்கு விழுந்த மாதிரி இருந்தது.

உ
ஜூன் 21, சனி

எடை 60. நாளை ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கூட்டம், பத்து மணிக்கு. இட்லிக்கு ஊறப்போட வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

தண்ணீர் 900.

கூட்டம் பாழாய்ப் போனது.

நடந்தது இதுதான். ஆசிரியர் அறைப் பலகையைப் பெற்றோர் மண்டபத்துப் பலகையோடு காலையிலேயே இணைத்துவிட்டிருக்கிறார்கள், கால அட்டவணை காட்டுவதற்காக. எங்களுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதினால் அங்கே தெரியும். இரண்டு பலகை மாதிரி தோன்றினாலும் பலகை ஒன்றுதான். பத்து மணிக்கு முன்னாலேயே முப்பது பெற்றோர் வந்து மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே பலகையில் யாரோ இப்படி எழுதியிருந்தார்கள்:

"ஏழாம் வகுப்பில் இந்த வாரம் மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். நெட் கோளாறு என்று சொல்லச் சொல்கிறார்கள். இன்றைக்குக் கேட்டால் என்ன சொல்வது? பதில் எழுதுங்கள்."

ஒரு அப்பா அதை உரக்கப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அப்புறம் யார் பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை, முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நிவேதன் சார் பலகையை அழித்தார். அழித்ததையும் எல்லோரும் பார்த்தார்கள்.

எழுதியவர் ஆசிரியர்களைத்தான் கேட்டிருக்கிறார். அது வீரமும் இல்லை, துரோகமும் இல்லை. களைத்துப்போன ஒரு ஆள் பக்கத்து ஆளிடம் கேட்ட கேள்வி, அவ்வளவுதான்.

இட்லி கல்லாக இருந்தது. இவர் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

எடை 61.

நேற்று விசாரணை. நாலு பேரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார் நிவேதன் சார். அழிப்பதற்கு முன் பலகையைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், அதைக் காட்டினார். எழுத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மேலே ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

ரஹ்மத்துல்லா சார் மேலப்பாளையத்துக்காரர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். "நான் எழுதியிருந்தா தலைப்புல 786 கெடந்திருக்கும்லா" என்றார். பெனிட்டாவும் சிரித்தாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் தப்பித்துவிட்டார்கள்.

அறைக்குள் நுழைந்த நேரம் பதிவாகிறதாம், வெளியே போன நேரம் பதிவாகாதாம். அன்று முதலில் நுழைந்தது ஏகாம்பரம் சார், ஒன்பது இருபத்தைந்துக்கு. ஹெட்செட்டில் சார்ஜ் இல்லை, இரண்டே நிமிஷத்தில் வெளியே போய்விட்டேன், பலகைப் பக்கமே போகவில்லை என்று அவர் சொன்னார். நிவேதன் சார் சத்தம் போடவில்லை. "சார், தினமும் முதல்ல வர்றது நீங்க. தினமும் இதைப் போடறது நீங்க. இதுக்கு மேல நான் என்ன கேட்கட்டும்?" என்றார்.

ஏகாம்பரம் சார் படத்தின் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். "நான் எழுதலை" என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

அவரை வகுப்பிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். ஜூலை 7 அன்று முடிவு சொல்வார்களாம்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்தில் அந்தப் பலகையில் நான் சுழி போட்டு அவர்கள் யாரும் பார்த்ததில்லை.

ஜூன் 26, வியாழன்

தண்ணீர் 1000. எடை 60.5.

இவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "சுழி போடறத வுட்டுப்போட்டயா?" என்றார். இவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷம் மேஸ்திரியாக இருந்தவர், முதல் தகட்டில் சாக்பீஸால் சுழி போடாமல் ஒரு பஸ்ஸும் தொடங்கியதில்லை. மறந்துவிட்டேன் என்றேன். அவசரம் என்றேன். டயாலிசிஸ் கூடத்தில் எனக்கு என்ன அவசரம் என்று அவர் கேட்கவில்லை.

இன்று டயாலிசிஸ் நீண்டுவிட்டது. நாலரை வகுப்பை எடுக்க ஆள் இல்லை. போனில் பலகையைத் திறந்து, பழக்கத்தில் "ஜெ. 4.30 - 6" என்று எழுதப் போனேன், பிறகு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து போனிலேயே வகுப்பு நடத்தினேன். பாதிப் பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

தண்ணீர் 950.

வகுப்பு இனி நாற்பது நிமிஷம்தான், நடுவில் ஓய்வு உண்டு என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. பெற்றோர் விடவில்லை. தன்யஸ்ரீ இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளாம். அவள் அம்மா எனக்குப் போன் செய்து, ஏகாம்பரம் சார் நம்பர் இருந்தால் கொடுங்கள், அந்தப் புண்ணியவானுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். பிள்ளையை அடித்ததற்காக அழுதார்.

நம்பரைக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது.

ஜூலை 1, செவ்வாய்

எடை 60.

இவரை உள்ளே அனுப்பிவிட்டு ஏகாம்பரம் சாருக்குப் போன் போட்டேன். அவர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்பதற்காக. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பாடத்தைச் சொன்னார். பிறகு அவராகவே பேசினார். ஐந்து வருஷத்துக்கு முன் சர்க்கரையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டதாம். வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு மூன்றாவது மாடியில், படி ஏற முடியாதென்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவரும் தங்கையும்தான். இரண்டு வருஷமாக நான் அவரோடு பக்கத்தில் பக்கத்தில் மிதக்கிறேன், இது எனக்குத் தெரியாது.

"அங்க யாருக்குமே கால் கிடையாது பாருங்க. அதனாலயே எனக்கு அந்த இடம் பிடிச்சிருந்தது" என்றார். சிரித்த மாதிரிதான் சொன்னார்.

அப்புறம் பேச்சு பலகைப் பக்கம் திரும்பியது.

"டீச்சர், போன தீபாவளிக்கு ஒரு வாரம் நான் லீவுல இருந்தேன். திரும்பி வந்த அன்னிக்கு நான்தான் முதல்ல உள்ள வந்தேன். முந்தின நாள் எழுதுனது அழியாம இருந்தது. மேல ஒரு சுழி. அடியில ஒத்தக் கோடு. பக்கத்துல உங்க வகுப்பு மாத்தல் மட்டும் இருந்தது."

காது சூடாகிவிட்டது. போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அந்தப் படத்துலயும் ஒத்தக் கோடுதான்" என்றார். "என்னது ரெண்டு."

அப்படியானால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் அவரே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? வாரத்துக்கு மூணு தடவை இல்ல? என் மச்சானுக்கும் இருந்தது, நான்தான் கூடப் போவேன். அந்தக் கூடத்துல உட்கார்ந்தவங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, தங்கை கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டார்.

நான் எதற்காக வகுப்பு மாற்றுகிறேன் என்று அவரிடம் சொன்னதே இல்லை. செவ்வாய், வியாழன், சனி என்று நாளைப் பார்த்தே இரண்டு வருஷமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

எடை 60.5.

எழுதியது நான்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அன்று ஒன்பது நாற்பதுக்கு உள்ளே போனேன். யாரும் இல்லை. பலகை சுத்தமாக இருந்தது, ஒரு எழுத்து இல்லை. காலி இடத்தைப் பார்த்தால் என் கை சுழி போட்டுவிடும். நோட்டானாலும் விடைத்தாளானாலும் மளிகைச் சீட்டானாலும் அப்படித்தான், நான் போடுவதில்லை, கை போடுகிறது. அதற்குக் கீழே கேள்வியை எழுதினேன். மற்ற மூன்று பேரும் வந்து பார்த்து ஏதாவது சொல்வார்கள், கூட்டத்துக்கு முன் அழித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் இவர் மாத்திரை கேட்டுக் கூப்பிட்டார். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது அந்த அப்பா உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றே சொல்லியிருக்கலாம். மறுநாள் விசாரணையில் சொல்லியிருக்கலாம். அவர் "நான் எழுதலை" என்றபோது அவருக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றேன். என் பொம்மை சிரித்துக்கொண்டிருந்தது, அதற்கு வேறு முகம் கிடையாது.

அட்டை போய்விடும் என்பதுதான் காரணம். நல்ல காரணம்தான். அதைத் தலைக்கு வைத்துப் படுத்தாலும் தூக்கம் வரவில்லை. இவருக்கு வாரத்துக்கு மூன்று தடவை அந்தக் கட்டில் வேண்டும், ஒரு வாரம் தவறினாலும் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். அந்தக் கட்டிலுக்காக இன்னொருவர் வேலையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். கேட்டுக்கூட எடுக்கவில்லை. அவர் தெரிந்தே விட்டுக்கொடுத்ததுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். பின்னால் சனிக்கிழமை எழுத இடம் வேண்டுமே என்று மடித்து மட்டும் வைக்கிறேன்.

ஜூலை 5, சனி

எடை 59.5. நர்ஸ் பாராட்டினாள்.

உ
ஜூலை 6, ஞாயிறு

மேலே இருக்கும் சுழி நான் போட்டதில்லை.

தண்ணீர் அளவு எழுத நோட்டைத் திறந்தேன். புதுப் பக்கத்தில் பெரிதாக ஒரு சுழி, அடியில் கோடே இல்லை. இவர் வீட்டுப் பழக்கம் அது. அதற்குக் கீழே இவர் கையெழுத்தில்:

"தண்ணீர் 900. மோர் இல்லை. பெரியாஸ்பத்திரி டயாலிசிஸுக்குப் பெயர் கொடுத்தாச்சு. வரிசையில் 14."

வெள்ளிக்கிழமை முடி வெட்டப் போகிறேன் என்று ஆட்டோவில் போனார். திரும்பி வந்தபோது முடி அப்படியே இருந்தது, கடையில் கூட்டம் என்றார். நானும் களைப்பில் விட்டுவிட்டேன்.

"ஏனுங்க, நோட்டப் படிச்சீங்களா?"

"என்ற நோட்டுதான அது" என்றார்.

நியாயம்தான். டாக்டர் அவருக்குத்தான் நோட்டுப் போடச் சொன்னார். எழுத வேண்டாத இடத்தில் எழுதுவதே எனக்கு வாடிக்கையாகிவிட்டது.

அங்கே அட்டை வேண்டியதில்லை, அரசாங்கச் செலவு. பதினாலு பேர் வரிசையில் எப்போது இடம் வரும் என்று கேட்டேன். இரண்டு மாதம் ஆகலாம், யாராவது ஊர் மாறினால் முன்னாலேயே வரலாம் என்றார்களாம். யாராவது செத்தாலும் வரும், அதை அவர் சொல்லவில்லை. அட்டை எதுவரை ஓடும் என்றார். வேலையை விட்டு நிறுத்தினாலும் மாசக் கடைசிவரை என்றேன். நடுவில் இருக்கும் நாளுக்கு என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நான் அழுதேன். பதினைந்து நாளில் முதல் தடவை. இவர் என் கையைப் பிடிக்க வந்து, ஊசி போடும் கை என்பதால் மற்றக் கையை நீட்டினார்.

"அந்த மனுசன் நமக்கு என்ன சொந்தமா பந்தமா? தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டிருக்கறாரு. எனக்கு அந்தக் கட்டல்ல படுக்கக் கூச்சமா இருக்குது ஜெயா" என்றார்.

ஜூலை 7, திங்கள்

மூன்று மணிக்கு முடிவு சொல்வதாக இருந்தது. இரண்டே முக்காலுக்கு உள்ளே போனேன். யாரும் இல்லை, பலகை காலியாக இருந்தது. இந்தத் தடவை கை தானாகப் போடவில்லை. நான்தான் போட்டேன், பார்த்துப் பார்த்து. அப்படியும் சுழி கோணலாக வந்தது. அடியில் ஒரு கோடு இழுத்தேன். கீழே எழுதினேன்:

"ஜூன் 22 காலை இந்தப் பலகையில் எழுதியது நான். ஏகாம்பரம் சார் இல்லை. அன்று இருந்ததும் இதே ஒற்றைக் கோட்டுச் சுழி. படத்தைப் பார்க்கவும். ம. ஜெயக்கொடி, கணக்கு, கரூர்."

முதலில் வந்தது நிவேதன் சார். படித்தார். அவர் பொம்மையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது, குரல் மட்டும் இறங்கிப்போனது.

"மேடம், இது இப்ப எதுக்கு? அவர் பேப்பரெல்லாம் ரெடி. மேலயும் சொல்லியாச்சு. உங்க வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். இன்னும் யாரும் வரலை. அழிச்சிடுங்க, நான் பார்க்கலை."

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். டஸ்டர் என் கைக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. ஒரு இழுப்பு இழுத்தால் போதும். மாசக் கடைசி, அதற்கடுத்த மாசக் கடைசி, இவர் எடை, நெஞ்சில் நீர், எல்லாம் ஒரு நொடியில் வந்துபோனது. அழித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை.

"அழிக்க மாட்டேன் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

ரஹ்மத்துல்லா சாரும் பெனிட்டாவும் வந்தார்கள். படித்தார்கள். இந்தத் தடவை ரஹ்மத்துல்லா சார் ஒன்றும் கேலி செய்யவில்லை. கடைசியில் ஏகாம்பரம் சார் வந்தார், பதினைந்து நாளுக்குப் பிறகு. வாசலிலேயே நின்று படித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பொம்மை முகத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

அவர் பலகைக்கு வந்து குச்சியை எடுத்தார். என் கோணல் சுழிக்கு அடியில், நான் இழுத்த ஒற்றைக் கோட்டுக்குக் கீழே, நிதானமாக இரண்டாவது கோட்டை இழுத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

நிவேதன் சார் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

நாலரை மணி வகுப்புக்கு என் ஹெட்செட் திறக்கவில்லை. கடவுச்சொல் தவறு என்று வந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் தவறு. கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். சமையலறையில் இவர் தானாகவே உருளைக்கிழங்கு நறுக்கி ஊறப்போட்டிருந்தார், தோல் சீவாமல்.

உ
ஜூலை 8, செவ்வாய்

தண்ணீர் 1000. எடை 60.

அட்டை இன்னும் வேலை செய்கிறது. இருபத்து மூன்று நாள் இருக்கிறது. பெரியாஸ்பத்திரியில் விசாரித்தேன், இப்போது வரிசையில் 13.

நாலரைக்கு ஏகாம்பரம் சார் போன் செய்தார். வகுப்புக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்களாம். உள்ளே போய்ப் பார்த்தாராம், பலகையைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

"சுழி போட்டேன் டீச்சர்" என்றார். "உங்களுக்கும் சேர்த்து."

நன்றி என்றேன். நர்ஸ் கூப்பிடுகிறாள், நோட்டு வேண்டுமாம்.